வெள்ளைக் குதிரைக்காரர்

பொலிக்குதிரைக்குப் பணம் கொடுத்து நம் பெட்டைக் குதிரையைச் சினைப்படுத்துவது லாபமா நஷ்டமா என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து கேட்கிறார்கள். வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டு போன என் மைத்துனன் போன மாதம்கூட ஒருவரை அழைத்து வந்தான். தாண்டும் பந்தயத்துக்குக் குதிரை வளர்க்கப் போகிறாராம். "குதுர விசயம்னா இவருக்கு அத்துப்படி" என்று என்னைக் காட்டினான். நான் மோர் கொடுத்து, வெயிலைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் ஒரு மனிதரைப் பற்றிப் பேசியாக வேண்டும். பேச ஆரம்பித்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அவர் பேரப் பிள்ளைகள் கும்மிடிப்பூண்டியில் நல்லபடியாக இருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி விசாரிக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஊரில் அவரை வெள்ளைக் குதிரைக்காரர் என்றுதான் சொல்வார்கள். நான் அண்ணா என்பேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். என்னை அவர் நைனா என்பார். அந்தப் பக்கத்தில் தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் புழங்கும், அதனால் பெற்ற பிள்ளையையும் நைனா என்பார்கள், பிரியமானவனையும் நைனா என்பார்கள். நான் பிரியமானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெட்டையான ஆள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு ஈரிழைத் துண்டு. ஏதாவது கேட்டால் துண்டை எடுத்து நிதானமாக வாயைத் துடைத்துக்கொள்வார். துடைத்த பிறகு பேசப்போகிறார் என்று காத்திருந்தால் நாம்தான் ஏமாளி. பாதி நேரம் துடைப்பதோடு சரி. மீதி நேரம் அவர் சொல்வது ஒன்றுதான். "நீ சொன்னா சரி, நைனா."

அவர் ஒரு பசுவை விற்றது நினைவிருக்கிறது. வாங்க வந்தவன் எத்தனை படி கறக்கும் என்று கேட்டான். வேறு யாராக இருந்தாலும் மூன்று படியை ஐந்து படி என்பார்கள். இவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நீயே கறந்து பாரேன்" என்றார். அவன் கறந்தான். "நல்லாத்தான் கறக்குது, ஒரு நேரத்துக்கே இவ்ளோ வருதே" என்றான். "நீ சொன்னா சரி" என்றார் இவர். அவ்வளவுதான் வியாபாரம். தன் சரக்கைத் தானே மெச்சிக்கொள்ளாத மனுஷன் என்று ஊரெல்லாம் அவருக்குப் பேர். நானே அந்தக் கதையைப் பத்துப் பேரிடமாவது சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பசுவைக் கறக்காமல் விட்டிருந்தார்களா இல்லையா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது நான் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்த கதை. பக்கத்து ஊரில் பள்ளிக்கூடக் கட்டடம் திறக்க ஓர் அதிகாரி வந்தார். முன்வரிசையில் நெட்டையாக, வெள்ளையும் சொள்ளையுமாக நின்ற இவர்தான் பஞ்சாயத்துத் தலைவர் என்று நினைத்து முதல் மாலையை இவர் கழுத்தில் போட்டுவிட்டார். இவர் மாலையோடு நின்றார். போட்டோவுக்கு நின்றார். உள்ளே அழைத்துப்போய் நாஷ்டா வைத்தார்கள், அதையும் சாப்பிட்டார். நிஜத் தலைவர் குட்டையான ஆள், பின்னால் நின்று எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் டீக்கடைக்கு வந்து, "இன்னாயா இது அநியாயம்?" என்று சண்டைக்கு நின்றார்.

"நான் தலைவர்னு சொன்னனா?" என்றார் இவர். "போட்டாங்க. குனிஞ்சேன்."

அந்தக் 'குனிஞ்சேன்' எங்களுக்குப் பல வருஷத்துக்கு வேடிக்கைப் பேச்சாக இருந்தது. யாராவது ஓசியில் டீ குடித்தால், "குனிஞ்சியா?" என்று கேட்போம்.

அவருடைய வெள்ளைக் குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் தோட்டம் வைத்திருந்த ஒரு துரையிடம் இவர் சின்ன வயதில் குதிரை பார்த்துக்கொண்டவர். துரை ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது அந்தக் குதிரையை இவர் வாங்கி வந்தார். வடக்கே எங்கெங்கோ தாண்டும் பந்தயத்தில் ஓடி ஜெயித்தது என்று பேசிக்கொண்டார்கள். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே அவருக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. அங்கே வெட்டிப் போட்ட சவுக்குக் கட்டைகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருப்பார். மறுபக்கம் நின்று கொள்ளுக் கூடையைக் குலுக்குவார். அவ்வளவுதான். முதுகில் ஆள் இல்லாமல், சாட்டை இல்லாமல், வெள்ளைக் குதிரை நாலு எட்டு ஓடி வந்து அந்த அடுக்கைத் தாண்டி இறங்கும். இறங்குகிற சத்தம்கூடப் பெரிதாக வராது. முதல்முறை பார்த்தபோது என் உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனையோ தடவை பார்த்த பிறகும் அது குறையவில்லை. அதைப் பார்ப்பதற்காகவே நான் வாரா வாரம் போய்க்கொண்டிருந்தேன்.

போகும்போது கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு அவரே வண்டி கொண்டுவருவார். அந்த வண்டியை இழுத்தது ஒரு மட்டக் குதிரை. செம்மண் நிறம், என் மார் உயரம்கூட இருக்காது. அதற்கு ஒரு விநோதமான நடை. மற்றக் குதிரைகள் முன்னங்கால் ஒரு பக்கம், பின்னங்கால் மறுபக்கம் என்று மாற்றி மாற்றி வைக்கும். இது இடப் பக்கத்து இரண்டு காலையும் சேர்த்து வைக்கும், பிறகு வலப் பக்கத்து இரண்டையும் சேர்த்து வைக்கும். அதனால் வண்டி தூக்கிப் போடாது. பழவேற்காட்டு ஏரியில் படகு போவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்துகொண்டே போகும். அண்ணா இடது கையால் வண்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டு அதற்குத் தோதாக ஆடிக்கொண்டே வருவார். நானும் ஆடிக்கொண்டே போவேன். சில நாள் தூங்கியும் போயிருக்கிறேன்.

வெள்ளைக் குதிரைக்குப் பொலிக்கு விடும் பணம் அந்தக் காலத்தில் ஒரு ஜோடி உழவு மாட்டு விலை. சாதாரண ஜட்கா குதிரை என்றால் ஒரு மூட்டை கொள்ளு கொடுத்தால் போதும். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முன்பணம் வாங்க மாட்டார். பெட்டைக்குச் சினை நின்று, மாதம் நிறைந்து, குட்டி பிறந்து, அது தானாக எழுந்து நின்று தாயிடம் பால் குடிக்க வேண்டும். அதைத் தன் கண்ணால் வந்து பார்ப்பார். அப்புறம்தான் பணம். குட்டி செத்தால் காலணா வேண்டாம். இப்படி ஒரு மனிதனை யார் சந்தேகப்படுவார்கள்?

என்னிடம் ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. மெட்ராஸ் பந்தயத்தில் ஓடிக் காலில் அடிபட்டதால் கழித்துவிட்டார்கள், மலிவாக வந்தது. உயரமான, மெல்லிய கால் கொண்ட குதிரை. மெட்ராஸில் தாண்டும் குதிரைகளைப் பழக்கி விற்கும் பட்டாளத்துக்காரர் ஒருவர், ஓய்வுபெற்றவர், வெள்ளைக் குதிரையின் பழைய பெருமை தெரிந்தவர், என்னிடம் சொன்னார்: "அதும் ரத்தத்துல ஒரு குட்டி குடு. தாண்டிக் காட்டட்டும். நெலம் வாங்குற அளவுக்குத் தரேன்." அன்று முதல் எனக்குத் தூக்கத்திலும் குதிரை தாண்டிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் பாகம் பிரித்தோம். நானும் என் அண்ணனும் இரண்டே பேர். சொத்தில் உயிரானது கிணற்றடி நிலம். கோடையிலும் தண்ணீர் வற்றாது, இரண்டு போகம் நெல் விளையும். மற்றதெல்லாம் வானம் பார்த்த மேடு. நான் கிணற்றடி நிலத்தை அண்ணனுக்கே விட்டுவிட்டு, மேட்டு நிலத்தையும், ஈடு கட்டக் கொஞ்சம் ரொக்கத்தையும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். குதிரைக்கு மேட்டில் கொள்ளு போடலாம், ரொக்கம் பொலிப் பணத்துக்கு ஆகும். குட்டி விற்ற பணத்தில் இதைவிட நல்ல நிலமாக வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

என் அண்ணன் வாயில் சனி என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அன்று அவன் எனக்காகத்தான் பேசினான்.

"குதுர ஏறி எறங்கறதுக்கு ஒரு ஜோடி மாட்டு வெலயா? உனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றான். பிறகு பாகம் பிரிக்க உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பக்கம் திரும்பினான். அவர்களில் வெள்ளைக் குதிரைக்காரரும் ஒருவர், நான்தான் அழைத்திருந்தேன். "அண்ணா, நீ சொல்லு. உன் குதுரதான். அத்த நம்பி இவன் கெணத்த உடலாமா? நீ ஒரு வார்த்த சொன்னா நான் வாய மூடிக்கிறேன்."

அவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தோம். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பிரியம் இருந்தது, இன்றைக்கும் அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"அவன் இன்னா கொழந்தயா?" என்றார். "அவனுக்குத் தெரியாததா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. திருவள்ளூருக்குப் போய்ப் பதிவு செய்தோம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் திருவாலங்காட்டுப் பக்கம், நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள்.

"கெணத்தக் குடுத்துட்டுக் குதுரய வாங்கிக்கினு வந்தியா?" என்றாள்.

பெட்டையைத் தோப்புக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பொலிக்கு விடும் இடத்தில் கீற்றுத் தட்டி கட்டி மறைத்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தது.

"இது இன்னாத்துக்குண்ணா பள்ளம்?"

அவர் துண்டை எடுத்தார். நான் பொறுமை இல்லாதவன். "பெட்ட நழுவாம நிக்கறதுக்கா?" என்று நானே கேட்டேன்.

"நீ சொன்னா சரி, நைனா."

எங்கள் பக்கத்து வீடுகளில் மாட்டைக் காளைக்கு விடும்போது உடையவன் பார்க்க மாட்டான். உடையவன் கண்ணே பட்டுவிடும், சினை தங்காது என்று ஒரு நம்பிக்கை. எங்கள் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பெட்டையைப் பள்ளத்தில் நிறுத்தினோம். எதிர்ப்புறமிருந்து அண்ணா வெள்ளைக் குதிரையை நடத்திக்கொண்டு வந்தார். அது தலையைத் தூக்கிக்கொண்டு தட்டிக்குள் நுழைந்ததை என் கண்ணால் பார்த்தேன். பிறகு என் வழக்கப்படி வெளியே வந்து, தட்டிக்கு முதுகைக் காட்டி, ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி நில் என்று அவர் சொல்லவில்லை. நானே திரும்பி நின்றேன். குளம்புச் சத்தம் கேட்டது, கனைப்பு கேட்டது. கூட்ஸ் வண்டி ஒன்று ஆந்திரா பக்கம் போனது. அவர் கூப்பிட்டதும் திரும்பினேன். வெள்ளைக் குதிரையைத் தட்டியிலிருந்து வெளியே நடத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துக் கும்பிட்டேன். மனதுக்குள் இல்லை, கையைத் தூக்கியே கும்பிட்டேன்.

சினை நின்றது. குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய ஒரு வருஷம். அந்த வருஷம் முழுவதும் பெட்டைக்கு வேலை கிடையாது, தீனி மட்டும் இரட்டை. நாங்கள் ரேஷன் கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டு அதற்குக் கொள்ளு வேகவைத்துக் கொட்டினோம். குட்டி பிறந்தது. ஆண் குட்டி, கருஞ்சிவப்பு. விழுந்து விழுந்து எழுந்து நின்று, தாயின் மடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. நான் அழுதுவிட்டேன். என் மனைவியும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் புகை என்றாள்.

அவர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெற்றிலைத் தட்டில் வைத்துப் பணத்தைக் கொடுத்தேன். யார் பணம் கொடுத்தாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவர் வழக்கம். அன்று ஒற்றிக்கொள்ளவில்லை, மடியில் முடிந்துகொண்டார். "குட்டி நல்லா கீதா அண்ணா?" என்று கேட்டேன். "நிக்குதே" என்றார்.

வெள்ளைக் குதிரைக்குப் பிறக்கும் குட்டி முதலில் கறுப்பாகத்தான் இருக்கும், வளர வளர வெளுக்கும் என்று பட்டாளத்துக்காரர் சொல்லியிருந்தார். எல்லாக் குட்டியும் வெளுக்காது, சிலது தாய் நிறத்திலேயே நின்றுவிடும் என்றும் சொல்லியிருந்தார். அந்த இரண்டாவதை நான் காதில் வாங்கவில்லை. தினமும் காலையில் குட்டியின் நெற்றி மயிரைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். ஒரு வெள்ளை மயிராவது தெரிகிறதா என்று வெயிலுக்குத் திருப்பி நிறுத்திப் பார்ப்பேன்.

"நர தேடணும்னா என் தலையில தேடு" என்பாள் என் மனைவி. "நெறையவே கீது."

அண்ணாவிடம் கேட்டேன். "இன்னும் வெளுக்கலியே அண்ணா, லேட்டாத்தான் வெளுக்குமோ?" அவர் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மூன்றாம் வருஷம் பட்டாளத்துக்காரர் வந்தார். குட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முழங்காலைத் தடவினார், தோள் உயரத்தைத் தன் மார்போடு வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. "வளத்தி நின்னுபோச்சே" என்றார். இரண்டு கவைக்கம்பு நட்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு மூங்கிலை வைத்தோம். நான் மறுபக்கம் போய்க் கொள்ளுக் கூடையைக் குலுக்கினேன். குட்டி ஆசையாகத்தான் வந்தது. மூங்கிலருகே நின்றது. மோந்து பார்த்தது. பிறகு மரியாதையாக அதைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து கூடைக்குள் வாயை விட்டது.

"இது அந்தக் குதுர ரத்தம்னு உனக்கு யார்ப்பா சொன்னது?" என்றார் பட்டாளத்துக்காரர்.

"ஊருக்கே தெரியும் சார்" என்றேன்.

"ஊரு பக்கத்துல நின்னு பாத்துதா?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். அவர் பிறகு வரவில்லை.

குட்டிக்குத் தீனி போட வேறு வழி இல்லை. பழைய ஒற்றைக் குதிரை வண்டி ஒன்றை வாங்கிப் பழக்கினேன். முதலில் அது முரண்டு பிடித்து இழுத்தது, ஓடியது, நின்றது. எனக்கு லகானைப் பிடிப்பதற்கே சரியாக இருந்தது. சில வாரத்தில் படிந்துவிட்டது. ஒரு காலைப்பொழுது, வண்டியில் தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் அங்கே தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று நிலங்களில் கல் நட்டிருந்தார்கள். ரோடு சமமாக இருந்தது. லகானைத் தளர்த்திவிட்டு அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டே போனேன். குட்டி தன் இஷ்டத்துக்கு நடந்தது. எனக்குக் கண் சொக்கியது. என் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. இடது கை தானாக வண்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

குனிந்து குட்டியின் காலைப் பார்த்தேன். இடப் பக்கத்து இரண்டும் சேர்ந்து போயின. வலப் பக்கத்து இரண்டும் சேர்ந்து போயின. எத்தனை வருஷம் அந்த மட்டக் குதிரையின் பின்னால் ஆடிக்கொண்டு போயிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு உட்காரவைத்தாலும் எனக்கு அந்த நடை தெரியும்.

உடனே பள்ளம் ஞாபகம் வந்தது. நெட்டையான வெள்ளைக் குதிரைக்கு எதற்குப் பெட்டையைப் பள்ளத்தில் இறக்க வேண்டும்? குட்டைக் குதிரைக்குத்தான் இறக்க வேண்டும். தட்டிக்கு இரண்டு பக்கமும் வழி இருந்தது. நான் ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தவிட்டு மூட்டையோடு அப்படியே தோப்புக்கு வண்டியை விட்டேன். அண்ணா வாசலில் நின்று வெள்ளைக் குதிரைக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். என் வண்டி வருவதைப் பார்த்தார். குட்டியின் காலைத்தான் பார்த்தார். வைக்கோல் சுருணையை வைத்திருந்த கை நின்றுவிட்டது.

"இது யார் நடைண்ணா?" என்றேன். இறங்கவில்லை, வண்டியில் உட்கார்ந்தபடியேதான் கேட்டேன்.

துண்டை எடுத்தார்.

"தொடைக்காத. சொல்லு. இது எந்தக் குதுரைக்குப் பொறந்தது?"

"வெள்ளக் குதுரைக்குப் பொறந்துதுன்னு நான் எப்பனா சொன்னனா, நைனா?"

இரைந்தோ கோபமாகவோ சொல்லவில்லை. டீக்கடையில் 'குனிஞ்சேன்' என்று சொன்ன அதே குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டிச் சாட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். நல்லவேளை, வீசவில்லை. அதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். எனக்குப் பல தடவை சோறு போட்ட அம்மாள்.

"இன்னும் இன்னாத்துக்கு மறைக்கிற?" என்றார் அவரிடம். பிறகு என்னிடம், "குதுர மழையில காய்ச்சலாப் படுத்துது இல்ல, அந்த வருசமே அதுக்கு அது போயிட்ச்சுப்பா. அப்பால ஒரு பெட்டைக்கும் சின நிக்கல. வெளிய சொன்னா வெள்ளக் குதுர பேரு போயிடும்னு இவரு மனசு கேக்கல. நான் தலபாடா அடிச்சிக்கினேன், அந்தப் புள்ளைக்காவது சொல்லுன்னு."

காய்ச்சல் வந்த மழை எங்கள் பாகப் பிரிவினைக்கு முந்தின வருஷத்து மழை. குதிரை படுத்திருந்தபோது நானும்தான் கூட உட்கார்ந்து கஷாயம் புகட்டினேன். பிழைத்ததும் கோயிலுக்குத் தேங்காய் உடைத்தேன். ஆக, என் அண்ணன் 'ஒரு வார்த்த சொல்லு' என்று கேட்டபோது இவருக்குத் தெரியும். திருவள்ளூரில் கையெழுத்துப் போட்டபோது தெரியும். நான் கும்பிட்டபோது தெரியும்.

"நீ குடுத்த டப்ப எடுத்துக்கினு போ, நைனா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "உள்ள பத்திரமாத்தான் கீது."

"டப்பு யாரு கேட்டா? அன்னிக்கு 'வேணாண்டா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் கெணறு என்கிட்ட இருந்திருக்கும்" என்றேன்.

வண்டியைத் திருப்பினேன். வழியெல்லாம் யோசித்தேன். அவர் சொன்ன பொய் ஒன்றையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பழைய பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. எல்லாவற்றையும் நானே சொல்லியிருந்தேன். பொய் சொல்லி ஏமாற்றியவனை ஊரைக் கூட்டி வைத்துக் கேட்கலாம். இவரை எங்கே போய்க் கேட்பது? அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கிணற்றடி நிலம் அண்ணன் பிள்ளைகளிடம் இருக்கிறது. நான் கும்மிடிப்பூண்டி ரயிலடியில் வண்டி ஓட்டினேன். தொழிற்சாலைகள் வந்ததும் சவாரிக்குக் குறைவில்லை. இதையும் சொல்ல வேண்டும்: அந்த மட்டக் குதிரையின் பிள்ளை எனக்கு நன்றாக உழைத்தது. தூக்கிப் போடாத வண்டி என்று பிள்ளைத்தாய்ச்சிகள் தேடி வந்து ஏறுவார்கள். எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். அதன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. தாண்டத் தெரியாது என்பதைத் தவிர அது எந்தக் குற்றமும் செய்யவில்லை.

அவருடைய தோப்பையும் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக் குதிரை அதற்கு முன்பே செத்துவிட்டது. மட்டக் குதிரையை விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் ரயிலில் வந்து இறங்கினால் என் வண்டி நிற்கிற பக்கம் வர மாட்டார். வேறு வண்டி இல்லாவிட்டால் வெயிலில் நடந்தே போவார். நானும் கூப்பிட மாட்டேன்.

ஒரு ஐப்பசி மாதம், சாயங்கால ரயிலில் வந்து இறங்கினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மற்ற வண்டிகளெல்லாம் போய்விட்டன. வயதாகியிருந்தது, கையில் மருந்துப் பையும் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கூரைக்கடியில் நின்று பார்த்தார். பிறகு வந்து ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார். நானும் ஒன்றும் கேட்காமல் வண்டியை விட்டேன். வீடு எங்கே என்று எனக்குத் தெரியும்.

வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். இடது கையால் வண்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பழையபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். தடுமாறி இறங்கினார். மடியைத் தடவிக்கொண்டே, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா குடுக்கணும், நைனா?"

"நீ சொன்னா சரி, அண்ணா" என்றேன்.

மழையில் நனைந்துகொண்டே நின்றார். தோளிலிருந்த துண்டை மெதுவாக எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகு ஏதாவது சொல்வார் என்று இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை.